தராசுக்கு வந்த பியானோ

பீரோவின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, ஒரு மூலையை லேசாகத் தூக்கி இறக்கி, "எண்பத்தஞ்சு கிலோ. உள்ள துணி இருந்தா நூறு" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டுக்காரர்களின் முகத்தையே பார்ப்பார். வீடு மாற்றிக் கொடுப்பது தொழில். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் தராசு. சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது.

எடை மட்டுமல்ல, தீர்ப்பும் சொல்வார். "ஏத்தலாமா விடலாமான்னு அஞ்சு நிமிஷம் யோசிச்சீங்கல்ல? அப்ப விட்டுருங்க." கல்யாணத்துக்கு வந்த சோபா, பிள்ளை படுத்த தொட்டில் என்று யாராவது கண் கலங்கினால் லாரியின் உள்ளே கையைக் காட்டி, "இதுல மனசுக்குத் தனியா இடம் ஒதுக்கலம்மா" என்பார். சொல்கிற தோரணையில் அழ வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு அத்தை தன் பியானோவை எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தகப்பன் இல்லாத இவரைப் பிள்ளையாக எடுத்து வளர்த்தவர். வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். இவருக்கு ஒரு பாட்டுகூட வாசிக்க வராது. "இருநூத்தி முப்பது கிலோ, மூணாவது மாடி" என்று எடையை உடனே சொல்லிவிட்டார். தீர்ப்புதான் பத்து நாளாக வரவில்லை.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில விழுந்த கதைதான்" என்றாள் மனைவி. "நாளைக்கு அத்தை வீட்டுச் சாவியக் குடுக்கணும். விக்கிறீங்களா, இல்லியா?"

பழைய மரச்சாமான் வாங்குகிறவரை அத்தை வீட்டுக்கு வரவழைத்தார். வந்தவர் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். நடுவில் ஒன்று அழுந்தியது, சத்தம் வரவில்லை. அந்த இடத்தில் "ம்ம்" என்று ஒரு குரல், சுருதி பிசகாமல், தராசின் வாயிலிருந்து வந்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவரே ஆடிப்போய்விட்டார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்தக் கட்டை பேசாது. பாட்டு அங்கே வரும்போதெல்லாம் அத்தை வாயால் பாடி நிரப்பிவிட்டு மேலே போவார். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதியபடி இவரும் கூடவே முனகுவார். அந்த ஒரு சுரம் இத்தனை வருடமும் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

"இது ஊமைண்ணே. பிரிச்சா ரெண்டு மேஜைக்கு மரம் தேறும்" என்றார் வந்தவர்.

"ஊமையெல்லாம் இல்லப்பா. இது விக்கிறதுக்கு இல்ல. வீணா அலைய வச்சிட்டேன், தப்பா நினைக்காத."

தங்கள் வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள்: "இருக்கிறதே ரெண்டு ரூம். எங்க வைப்பீங்க?"

தராசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய், மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, குனிந்து கட்டிலின் முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.