இரண்டு தட்டு

பெரிய மனுஷரிடம் நான் வேலை பார்த்தவன் என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நேரில் ஆள் எப்படி?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பல்லிக்குப் பயப்படுவார், கண்ணாடியில் முகம் பார்க்காமல் காப்பி குடிக்கமாட்டார் என்று இரண்டு சங்கதி சொல்லி அனுப்பிவிடுவேன். அதற்கே சிரித்துக்கொண்டு போவார்கள். மிச்சத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை, எந்த அம்மாளுக்குத் தெரியக்கூடாது என்று அவர் நினைத்தாரோ அந்த அம்மாளும் இல்லை. இனி சொன்னால் பாவமில்லை என்று நினைக்கிறேன்.

பேசும் படம் வருவதற்கு முந்தைய காலம் அது. நாடகம்தான் எல்லாம். அவர் ராஜபார்ட். பேரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து மனுஷர்களுக்குச் சொல்லாமலே தெரியும், இந்தக் காலத்து மனுஷர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்து மேலே போய் நிறுத்தினாரென்றால் தகரக் கொட்டகையே அதிரும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சங்கீதக் குடும்பம், மீன் வாடை பட்டாலே தலைக்கு முழுகுகிறவர் என்று ஊரெல்லாம் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை.

நான் தண்டையார்பேட்டை டோல்கேட் ஆள். ஜட்கா வண்டியில் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே நின்றுகொண்டு, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நாடக நோட்டீஸ் வீசிக்கொண்டே கத்துவது என் பிழைப்பு. ரயில் எஞ்சின் ஊதினாலும் என் சத்தம் அதற்கு மேலே நிற்கும். தொண்டை பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. வழியில் எவனாவது நோட்டீஸை வாங்கிக் கசக்கிப் போட்டால் வண்டியை நிறுத்தி இறங்கிச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு கோடையில் அவருக்குத் தொண்டையில் புண் வந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, ஒரு மண்டலம் வாயைத் திறக்கக்கூடாது, நாற்பத்தெட்டு நாளில் ஒரு சத்தம் போட்டாலும் பிறகு மேல்ஸ்தாயியை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். கம்பெனி முதலாளி ஆடிப்போனார். மேல்ஸ்தாயி போனால் ராஜபார்ட் போச்சு, ராஜபார்ட் போனால் கம்பெனி போச்சு. காற்றாட இருக்கட்டும் என்று எண்ணூரில் கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே ஒரு பங்களா வாடகைக்குப் பிடித்தார்கள். எண்ணூர்தான் வேண்டும் என்று ஐயாவே சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டினாராம். ஏன் எண்ணூர் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பதிலாகப் பேச ஒரு வாய் வேண்டுமே, அதற்கு என்னைப் பிடித்தார்கள்.

என் பெண்சாதி அதைக் கேட்டுவிட்டு, “இத்தினி நாளு உன் வாயால நான் பட்ட பேஜாரு போதாதுன்னு, இப்ப அவரும் படணுமா?” என்றாள். அவள் வாக்கு அப்படியே பலித்தது.

வேலை என்னவென்றால், ஐயா உள் கூடத்தில் ஊஞ்சலில் இருப்பார். நான் வாசலில் நிற்பேன். யாராவது வந்தால் உள்ளே போய் இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லவேண்டும். அவர் மோதிர விரலால் ஊஞ்சல் பலகையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வரச்சொல். இரண்டு தட்டு என்றால் முடியாது, அனுப்பிவிடு. அவ்வளவுதான். மற்றபடி பெரிய விஷயத்துக்குத்தான் சிலேட்டும் பல்பமும்.

ஐயாவின் குணம் எனக்குத் தெரிந்தது அப்போதுதான். மேடையில் சிங்காசனத்தில் உட்கார்ந்து உலகத்தையே தானம் கொடுப்பவர், வீட்டில் பனங்கற்கண்டை எண்ணி வைத்திருப்பார். ரசிகர்கள் எழுதும் கடுதாசியைப் படிக்கச் சொல்லி, புகழ்ச்சி வரும் இடத்தை விரலால் சுழற்றிக் காட்டி மறுபடியும் படிக்கச் சொல்வார். பல்லி விழுந்தால் ஊஞ்சலில் எழுந்து நின்றுகொள்வார், கத்த முடியாதே, பாவம், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள், நடுப்பகலில், ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சமையல்காரர் நெத்திலிக் கருவாடு வறுப்பார். தஞ்சாவூர் மனுஷர் அதைச் சாப்பிடுகிற வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முள்ளைக்கூடத் துப்பமாட்டார். எங்கோ ஓர் இடத்தில் வாய் பழகிப்போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் மண்டு. பெரிய மனுஷர் கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் ஒவ்வொருவருக்கும் உள்ளே போய்க் கேட்டேன். கம்பெனி முதலாளி, கிராமபோன் ஏஜெண்டு, ரயிலேறி வந்த ரசிகர்கள், எல்லோருக்கும் இரண்டு தட்டு. இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் பார்த்தேன், நாற்பது அடி உள்ளே போய் நாற்பது அடி திரும்பி வருவது எதற்கு? கதவுத் திரைக்குப் பின்னால் போய்ப் பத்து எண்ணி, வெளியே வந்து, “ஐயா தரிசனம் தருவதற்கில்லை” என்று நாடகக் கம்பெனிச் செந்தமிழில் முழங்கிவிடுவேன். ஜனங்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ருசி கண்டுவிட்டேன். அவர் தட்டாத தட்டையெல்லாம் நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை. வெயில் ஏறியிருந்தது. ஒரு பெண்பிள்ளை இடுப்பில் கூடையோடு வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கறுத்த, முறுக்கேறிய கை. கருவாட்டு வாடை அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் கட்டியிருந்தது புத்தம் புதுப் பட்டு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கருவாட்டுக் கூடைக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தெரியாத மடையன், “பின்பக்கம் போ, சமையல்காரரிடம் காட்டு” என்றேன்.

அவள் நகரவில்லை. உள்ளே இருக்கிற அந்தப் பையனைப் பார்க்கணும் என்றாள்.

பையன்! ராஜபார்ட்டைப் பையன் என்கிறாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நீ யார், என்ன உறவு, என்ன பேர் என்று அதட்டினேன். அதெல்லாம் எதற்கு, வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், தெரிந்துகொள்வான் என்றாள். அவளுக்கும் வீம்பு இருந்தது. நான் திரைக்குப் பின்னால் போனேன். பத்துகூட எண்ணவில்லை. திரும்பி வந்து, “ஐயா உன்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்” என்றேன்.

அவள் என் முகத்தை நேரே பார்த்தாள்.

“அவனே சொன்னானா?”

“அவரேதான்.”

கூடையை அப்படியே படிக்கட்டில் இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணலில் முகத்துவாரம் பக்கமாக நடந்துவிட்டாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பெரிய காரியம் செய்தவன் மாதிரி உள்ளே போனேன். சமையல்கட்டுக்குப் போகிற வழியில் ஐயா ஊஞ்சலில் இருந்தார்.

கூடையைப் பார்த்தார். பனையோலைக் கூடை, விளிம்பில் பழைய வலைக்கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஊஞ்சலிலிருந்து குதித்து வந்து அந்தக் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். மேலே மூடியிருந்த துணியை விலக்கினால் நெத்திலி. யார், எங்கே என்று இரண்டு கையாலும் கேட்டார். நான் சொன்னேன். பட்டுப்புடவை என்று சொன்னதுதான் தாமதம், சிலேட்டை எடுத்து என் மேல் வீசிவிட்டு, செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார்.

பின்னாலேயே ஓடும்போது சமையல்காரர்தான் மூச்சிரைக்கச் சொன்னார். அக்கா. கூடப் பிறந்த அக்கா. முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருக்கிற மீன்பிடிக் குப்பத்தில்தான் ஐயா பிறந்தார். தாயில்லாப் பிள்ளை, வளர்த்தது அவள். பத்து வயதில் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனார். அப்பன் செத்ததற்கும் வரவில்லை. சேதி கிடைத்தபோது மாதம் ஒன்று ஆகியிருந்தது. பிறகு தேடிப்போனபோது அவள் கதவைச் சாத்திவிட்டாளாம். இருபது வருஷம். இந்த எண்ணூர் பங்களா காற்றுக்காக இல்லை. தோணிக்காரர் மூலம் பட்டுப்புடவை அனுப்பிவிட்டு, அவள் வருவாளா என்று ஊஞ்சலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் தஞ்சாவூர்க் கதை ஊரெல்லாம் போய்விடும் என்று என்னிடம் மறைத்திருக்கிறார். அதிலும் தப்பில்லை, என் வாய் அப்படி.

நாங்கள் கரைக்குப் போனபோது தோணி நடு நீரில் இருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயா கையை வீசினார், துண்டை அவிழ்த்து வீசினார். திரும்பினால்தானே தெரியும்? என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிறந்ததிலிருந்து போடாத சத்தம் போட்டேன். “அம்மா, நில்லுங்கம்மா, தப்பு என்னுதும்மா!”

கேட்டது. கேட்டதென்று தெரிந்தது, தோணிக்காரர் திரும்பினார். அவள் திரும்பவில்லை. வாசலில் விரட்டியவன் குரல் அல்லவா? போ என்று தோணிக்காரருக்குக் கை காட்டினாள். கோல் மறுபடி தண்ணீரில் இறங்கியது.

என் தொண்டையால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயாவுக்கும் தெரிந்துவிட்டது. நான் திரும்பி, வேண்டாம் ஐயா, இன்னும் ஐந்தே நாள், நான் நீந்திப் போகிறேன் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“யக்கோவ்! போவாத யக்கா! நான்தான் கூப்பிட்றேன்!”

மேடையில் ஆயிரம் தடவை கேட்ட குரல். ஆனால் அந்தப் பாஷையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ‘யக்கா’ மேலே போய் நின்ற இடத்தில் ஏதோ கிழிந்த மாதிரி ஒரு கரகரப்பு. அவள் திரும்பினாள்.

தோணி கரைக்கு வந்ததும் அவர் ஈர மணலில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராத கை இதுதானே என்று சொல்லி அவர் கையில் இரண்டு அடி அடித்தாள். பிறகு அதே கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமென்ன. அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். துண்டில் சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். என் தோளில் மோதிர விரல் விழுந்தது. இரண்டு தட்டு.

“வேண்டுதல்ம்மா” என்றேன்.

வைத்தியர் சொன்னது சொன்னபடி நடந்தது. மேல்ஸ்தாயி போனது போனதுதான். ஐந்து கட்டை, மூன்று கட்டைக்கு இறங்கியது. உச்சம் வரும் இடத்தில் ஆர்மோனியக்காரர் வாசித்துச் சமாளிப்பார். கூட்டம் குறைந்தது. அவரைக் கேட்காமலே, அவர் மாட்டேன் என்றதாக அந்த அம்மாளிடம் சொன்னதை ஒருநாள் அவரிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள், கரகரத்த குரலில், “ரெண்டு தட்டுக்கு உன்னைப் பழக்கினவன் நான்தானேய்யா” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் வேலையையும் எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ராயபுரம் பக்கத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். தம்பியின் நாடகத்தை அந்த அம்மாள் முதல்முதலாகப் பார்க்க வந்தாள். அதே பட்டுப்புடவை, அதே கூடை. நான்தான் முன்வாசல் வழியாக அழைத்துப் போய்ப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்துத் தூணோரம் நின்றுகொண்டேன். ராஜ்யத்தை இழந்து காட்டுக்குப் போகிற காட்சியில் ஐயா பாடினார். உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் குரல் பிசிறடித்துக் கீழே விழுந்தது. எனக்குப் பின்னால் ஒருவன், “ஆளு கொரலு போச்சுய்யா” என்றான். திரும்பி அவனை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அந்த அம்மாளுக்கு அது எதுவும் தெரியவில்லை. முன்னால் கேட்டிருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? கண்ணில் நீர் கொட்ட, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, “இன்னொரு தபா பாடுறா!” என்றாள். ஜனங்கள் சிரித்தார்கள். ஐயா அவள் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உடைந்த குரலில் முதலிலிருந்து பாட ஆரம்பித்தார்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“இம்மாம் நல்ல கொரல வெச்சிகினு, அன்னிக்கி எதுக்கு ஊமையாட்டம் நின்னான்? இன்னா வேண்டுதலு அது? பலிச்சிதா?”

என் தோளில் அன்று அவர் தட்டிய இடம் இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

“பலிச்சிதும்மா” என்றேன்.