பாங்காக் போய்வந்த லுங்கி

கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருக்கிறது. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. ஒரு ஓரத்தில் டீசல் கறை; எந்த சோப்புக்கும் அது மசியவில்லை. நடுவில் நூல் நூலாக நைந்துவிட்டது. "தூக்கிப் போட்டுடும்மா, வண்டி தொடைக்கக்கூட ஆவாது" என்று என் மகள் அடிக்கடி சொல்கிறாள். நான் துவைத்து, உதறி, மறுபடியும் கொடியில் போடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே விமானம் ஏறி வெளிநாடு போய்வந்த லுங்கி இது ஒன்றுதான். போன இடத்தில் அது பார்த்த வேலையும் லேசுப்பட்ட வேலை இல்லை.

அது என் நைனாவுடையது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் அவர். கல்யாணம், சாவு என்றால் வேட்டி. மற்ற நாளெல்லாம் லுங்கி. பேண்ட் போட்டு நான் பார்த்ததே கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட்டில் அவர் வருகிற கெத்தைப் பார்த்தால், ஹார்பரையே அவர் பெயருக்கு எழுதிவைத்தார்களோ என்று தோன்றும்.

நான் அப்போது மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தேன். உள்ளே வருகிற, வெளியே போகிற லாரிகளுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் அவசரத்தில் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அம்மா அதை நைனாவிடம் கொடுத்தனுப்பினாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணனுக்கு நைனாவைத் தெரியும். பெரிய மனுஷன் வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று ரிசப்ஷன் சோபாவில் உட்காரவைத்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் யாரோ ஒரு பெரிய பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

மேனேஜரைக் கெட்டவர் என்று மற்றவர்கள் சொல்லமாட்டார்கள். ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்கி வெட்டச் சொல்வார். எனக்கு அவர் கெட்டவர்தான். வடசென்னையில் சம்பாதித்துக்கொண்டே வடசென்னையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற ஆள். எங்கள் பேச்சை எங்களிடமே பேசிக்காட்டிச் சிரிப்பார். நாங்களும் சம்பளத்துக்குப் பயந்து கூடச் சிரிப்போம். அன்று நைனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லுங்கி கட்டினவனெல்லாம் சோபாவுல உட்கார்ந்தா கம்பெனி மரியாதை என்னய்யா ஆகும்? கேட்டுக்கு வெளியே நிக்கச் சொல்லு" என்றிருக்கிறார்.

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மகள் கையில் கொடுக்காமல் போகமாட்டேன் என்று நின்றிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது வாங்கித் தின்னலாம் என்று நான் வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். டேங்கர் லாரிகள் இரைந்துகொண்டு போகிற ரோட்டோரத்தில், உச்சி வெயிலில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், முகமெல்லாம் தூசியோடு நின்றுகொண்டிருந்தார். "துன்னுடு கண்ணு, ஆறிடப் போவுது" என்று தூக்கை நீட்டினார். உள்ளே எறா தொக்கு. அந்தத் தொக்கு என்றால் எனக்கு உயிர். அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. என்ன நடந்தது என்று செக்யூரிட்டி அண்ணன்தான் பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் நைனா ஒரு கறுப்பு பேண்ட் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் யார்டு இருக்கிற ரோட்டில் போகவேண்டி வந்தால் அதை மாட்டிக்கொள்வார். காலை அகட்டி அகட்டி, புண் வந்தவர் மாதிரி நடப்பார். வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கழற்றி மூலையில் எறிவார். அந்தப் பேண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேனேஜர் முகம்தான் தெரியும். வேலையை உதறியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதனால் மனசுக்குள் போட்டு மூடிவைத்தேன். சிலருக்குக் கோபம் நாளாக ஆக ஆறிப்போகும். எனக்கு ஊறுகாய் மாதிரி ஊறும். இந்த ஆள் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். சாமி கும்பிடும்போதுகூட இதைத்தான் கேட்டேன். சாமியிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில வருஷம் கழித்து, நன்றாக வேலை செய்தவர்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களை கம்பெனி பாங்காக்குக்கு அனுப்பியது. மேனேஜர்தான் தலைமை. கிளம்புவதற்கு முன் கூட்டம் போட்டு ஒரு சட்டம் சொன்னார். "ஆம்பளைங்க யாரும் லுங்கி எடுத்துட்டு வரக் கூடாது. ஹோட்டல் வராண்டாவுல லுங்கியோட திரிஞ்சு மானத்தை வாங்காதீங்க." கிரேன் ஓட்டுகிற அண்ணன், "லுங்கி இல்லாங்காட்டி எனக்கு தூக்கமே வராது சார்" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பெண்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஒரு பெண்ணின் பையில் லுங்கி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் வீடுகளில் பழைய லுங்கியைவிட நல்ல போர்வை ஏது? நான் கிளம்புகிற அன்று நைனாவே கொடியிலிருந்து இதை உருவி மடித்து என் கைப்பையில் திணித்தார். "ஏசிலாம் கூலிங்கா இருக்கும், போத்திக்கோ" என்றார். அன்றைக்கு கேட்டுக்கு வெளியே நின்றபோது இடுப்பில் இருந்த அதே லுங்கி.

பாங்காக்கில் முதல் நாள் காலை அரண்மனையும் அதற்குள் இருக்கிற புத்தர் கோயிலும் பார்ப்பதாக ஏற்பாடு. முழங்கால் தெரிகிற மாதிரி யாரும் வரக் கூடாது என்று வழிகாட்டிப் பெண் முந்தின நாளே சொல்லிவிட்டாள். ஆண்கள் எல்லோரும் ஒழுங்காக பேண்ட் போட்டு வந்தார்கள். மேனேஜர் மட்டும் வெள்ளை அரை டிராயர், கூலிங் கிளாஸ். "நான் நாலு ஊர் பார்த்தவன், எனக்குத் தெரியாதா?" என்றார். வாசலில் சீருடையில் நின்ற காவலர் எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார். மேனேஜர் வந்ததும் கையை நீட்டி மறித்து, அவருடைய முழங்காலைக் காட்டித் தலையை ஆட்டினார். மேனேஜர் இங்கிலீஷில் சத்தம் போட்டார். காவலர் சிரித்த முகம் மாறாமல் மறுபடியும் தலையை ஆட்டினார். அவ்வளவு மரியாதையாக ஒருவரை வெளியே நிறுத்த முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எதிரே கடைகளில் தொளதொளவென்று பேண்ட் விற்றார்கள். ரோஸிலும் பச்சையிலும் துணி முழுக்க யானைகள். ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள் வழிகாட்டிப் பெண். அவர் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தது காதில் விழுந்துவிட்டது. பேண்டைக் கடையிலேயே விசிறிவிட்டார். இடுப்பில் ஏதாவது துணியைச் சுற்றிக்கொண்டால்கூடப் போதும் என்றாள் அந்தப் பெண். மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது.

"ஆம்பளைங்க யார்கிட்டயாவது லுங்கி இருக்கா?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கிரேன் அண்ணன்தான், "நீங்கதான சார் எத்துகினு வரக் கூடாதுன்னீங்க" என்றார்.

லுங்கி என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவே இல்லை. சந்தோஷம் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அந்தச் சந்தோஷம். "நான் முன்னாடியே பார்த்த இடம்தான், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் மதிலோரமாக நின்றார். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மதில் வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. உள்ளே போகும்போது ஒரு தடவைக்கு மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே பார்த்ததையெல்லாம் நான் மறக்கவில்லை. தங்கத் தகடு போர்த்திய கோபுரம், வாசலில் கோரைப்பல்லோடு நிற்கிற ராட்சதப் பொம்மைகள், சுவர் நெடுக ராமாயணச் சித்திரம். அனுமார் கடலுக்குக் குறுக்கே படுத்து வாலாலேயே பாலம் போடுவதைக் காட்டி, "பார்றா, நம்ம ஆளு இங்கயும் கீறாரு" என்று கிரேன் அண்ணன் குதித்தார். மற்றவர்கள் கால் வலிக்கிறது, கிளம்பலாம் என்றார்கள். நான்தான் இன்னொரு சுற்று வரலாம் என்றேன். புத்தர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். உயரத்தில், சின்னதாக, பச்சையாக இருந்தார். கோபத்தை விடச் சொன்ன சாமி. கொஞ்சம் பொறுத்து விடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஆற அமர உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வெளியே வந்தபோது மேனேஜர் மொட்டை வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்திருந்தது.

மதியம் ஆற்றங்கரையில் ஒரு கடையில் சாப்பாடு. கால் நீட்டினால் தண்ணீரைத் தொடும் போலிருந்தது. ஒரு அம்மாள் உயரமான உரலில் பப்பாளிக் காயைச் சீவிப் போட்டு, மிளகாய், எலுமிச்சை, காய்ந்த எறா எல்லாம் சேர்த்து நச்நச்சென்று இடித்தாள். அந்த எறா வாசம் மூக்கில் ஏறியதும் காசிமேட்டில் இறங்கின மாதிரி இருந்தது. உப்பு அப்பிச் சுட்ட முழு மீன் வந்தது. சின்னக் கிண்ணங்களில் கறுத்த குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் வந்தது. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய இனிப்புச் சோறும் மாம்பழமும். மேனேஜர் தலை சுற்றுகிறது என்று இளநீரை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் தின்றேன். மீன் முள்ளை உறிஞ்சினேன். கிண்ணத்தை வழித்தேன். அன்றைக்கு மணலி ரோட்டில் தொண்டையில் இறங்காத சோறு, இத்தனை வருஷம் கழித்து பாங்காக்கில் இறங்கியது.

சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பும்போது வேனில் ஏசி குளிரில் பல் கிட்டியது. மேனேஜருக்கு எதிர் இருக்கை எனக்கு. பையைத் திறந்து லுங்கியை எடுத்து, நிதானமாக உதறி, போர்த்திக்கொண்டேன். அவர் பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உன்கிட்ட லுங்கி இருந்ததா?"

"இருந்துச்சு சார்."

"காலையிலயுமா?"

"காலைலயும்தான் சார்."

"நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"ஆம்பளைங்களத்தான சார் கேட்டீங்க" என்றேன். பிறகு, பல வருஷமாக ஊறவைத்திருந்ததை எடுத்துவைத்தேன். "இது எங்க நைனாவோடது சார். நீங்ககூட பாத்துகிறீங்க. லுங்கி கட்டுனா கேட்டுக்கு வெளிய நிக்கணும்னு அவராண்ட சொன்னீங்களே. உங்களுக்கு அந்த மரியாதைக் கொறச்சல் எதுக்குன்னுதான் உட்டுட்டேன்."

கிரேன் அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மேனேஜர் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயோ பாவம் என்பார், பெரிய மனுஷனை இப்படிப் பண்ணலாமா என்பார் என்று கொஞ்சம் பயம்தான். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். "நெழலு கீதா அங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீ ரவுண்டு ரவுண்டா சுத்திகினே இருந்தியா?" ஆமாம் என்றேன். எழுந்து போய் மூலையில் கிடந்த கறுப்பு பேண்டைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்து, "பாத்திரக்காரன் வந்தா போட்ரு" என்றார்.

மறுநாள் நான் சாப்பாட்டை மறக்கவில்லை. அவர்தான் தூக்கை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார். மதியம் செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்து, "உங்க நைனா வந்துகிறாரும்மா. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்றாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பாங்காக் போய்வந்த லுங்கியைத் துவைக்கக்கூட இல்லை, அப்படியே மடித்துக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். "உள்ள வா நைனா" என்றேன். "இரு, உங்க சாரு வரட்டும்" என்றார்.

சாப்பிட வெளியே போயிருந்த மேனேஜரின் கார் வந்து, கேட் திறப்பதற்காக நின்றது. நைனா பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அது இறங்கியது. மேனேஜர் கண் முதலில் போனது அந்த நீலக் கட்டத்தின் மேல்தான். மூக்குத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. நைனா குனிந்து, உலகத்திலுள்ள அக்கறையெல்லாம் குரலில் சேர்த்து விசாரித்தார்.

"வணக்கம் சார். பாங்காக்ல வெயிலு ரொம்ப ஜாஸ்தியாமே?"

மேனேஜர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகும்வரை அவர் மறுபடி பேண்ட் போடவில்லை. இப்போது மணி பன்னிரண்டு. "காஞ்சிடுச்சும்மா, எடுத்து மடிச்சிடவா?" என்று மகள் கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும். இந்த வெயிலைப் பார்த்து எங்கள் வீட்டில் இன்னும் சிரிக்கிறது அது ஒன்றுதான்.