சத்தம் நின்ற அந்தக் கணம்

மங்களேஸ்வரி டாக்டர் போய்விட்டார் என்று என் மகள் ஹேண்ட்போனில் சொன்னபோது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்ததை மடித்து வைக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் ஸ்கேனுக்குப் படுத்த எல்லோருக்கும் அவருடைய ஸ்பீக்கர் நினைவிருக்கும். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்புச் சத்தத்தைக் கூட்டி வைத்து, "கேளுங்கோ, உங்கட பிள்ளை ஓடுது" என்பார். கூடவே நின்ற நர்ஸான எனக்குத்தான் தலைவலி. எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன். அவர் சிரிப்பார்.

பல வருடங்களுக்கு முன்பு டெங்கில் எஸ்டேட்டிலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். தலைப்பிள்ளை. புதிதாக வந்திருந்த வண்ண ஸ்கேனில் குழந்தையின் இதயம் தெரிந்தது. வலப்பக்க வால்வு சரியாக மூடாமல் ரத்தம் கொஞ்சம் பின்னுக்குக் கசிந்தது. அது ஏதோ பிறவிக் குறையின் அடையாளமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் தானாக மறைந்தும் போகலாம். உற்றுப் பார்க்கும் அவசரத்தில் டாக்டரின் கை தன்னையறியாமல் சத்தத்தை நிறுத்திவிட்டது.

"ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க? ஓடலையா?" என்றாள் செல்வி.

உடனே திரும்ப வைத்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இது ஒரு அடையாளம் மட்டும்தான் பிள்ளை, முடிவில்லை" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். செல்வி தலையாட்டினாள். கண் மட்டும் ஸ்பீக்கரை விட்டு அகலவில்லை. அந்த ஒரு கணத்துக்குப் பிறகு டாக்டர் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை என்றே நினைக்கிறேன். டெஸ்டுக்கும் போகவில்லை, எங்களிடமும் திரும்பவில்லை. டாக்டரே காரோட்டிக்கொண்டு டெங்கிலுக்குப் போனார். குடும்பமே எஸ்டேட்டை விட்டுப் போயிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு ஸ்கேனில் எதைக் கண்டாலும் அவர் சத்தத்தை நிறுத்தியதில்லை. கிள்ளான் பாசாரிலும் கோயில் திருவிழாவிலும் தாயின் கையைப் பிடித்துப் போகும் பிள்ளைகளை நின்று பார்ப்பார். வருடம் போகப் போக, அவர் பார்க்கும் பிள்ளைகளும் வளர்ந்துகொண்டே வந்தார்கள். எனக்கு ஒருநாள் கோபமே வந்துவிட்டது. விட்டுத் தொலைங்க டாக்டர் என்று கத்திவிட்டேன்.

"பிறந்ததா எண்டு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

நேற்று கிள்ளானில், அவர் வீட்டு வாசலில், பள்ளிச் சீருடை போட்ட மகளோடு ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரைக் கிடத்தியிருந்தார்கள். நானோ அந்தச் சிறுமியின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டே போய் எந்த ஊர் என்று கேட்டேன். ஸ்ரீ கெம்பாங்கான், ஆன்டி என்றாள் தாய். அவள் செல்வி இல்லை.

டாக்டர் எனக்கு விட்டுப்போனது இதைத்தான். இனி நான்தான் நின்று பார்க்க வேண்டும். செல்வி, இதை எங்காவது படித்தால், பிள்ளை பிறந்ததா என்று மட்டும் சொல்லம்மா.