தாடைக்குள் பொருந்திய தகடு

என் முகத்தைப் பார்க்க நானே கூசிய காலம் அது. நடந்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்த நன்மையை மறைக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் இருந்து கோட்டைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போவேன். கப்பல் கம்பனி ஒன்றில் டெலிபோன் ஒப்பரேட்டர். ஒரு நாள் சோதனைச் சாவடிக்கு முன்னால் பஸ் சடுதியாகப் பிரேக் போட்டது. முன் சீட்டின் இரும்புக் கம்பியில் என் தாடை மோதி உடைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "குண்டா?" என்றுதான் கேட்டார்கள். பஸ் பிரேக் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எஃகுத் தகடு வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். சில மாதத்தில் தாடை வீங்கியது. வாய்க்குள் சீழ் வடிந்தது. மருந்து குடித்தால் அடங்கும், பிறகு திரும்பவும் வரும். அந்த நாற்றம் எனக்கே தாங்காது. வேலையை விட்டேன். கணவர் அன்ரனை ஹோலில் படுக்கச் சொன்னேன்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? நான் எங்கேயும் போகமாட்டன்" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில், சாவடியில் நின்ற பெண் சிப்பாய் நான் வாயில் பொத்திப் பிடித்திருந்த லேஞ்சித் துணியை எடுத்து முகத்தைக் காட்டச் சொன்னாள். எடுத்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். கோயிலுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அதன் பிறகு பூசைக்கே போகவில்லை.

பெரிய வெள்ளியன்று எல்லாரும் சிலுவைப் பாதைக்குப் போய்விட்டார்கள். நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் முழந்தாளிட்டேன். சுகம் கேட்கக்கூட வாய் வரவில்லை. "ஆண்டவரே, முகத்தைத் திருப்பாமல் என்னைப் பார்க்க ஒருவரையாவது அனுப்பும்" என்று மட்டும் அழுதேன்.

அடுத்த கிளினிக்கில் புதிதாக ஒரு சிங்களப் பெண் டொக்டர் இருந்தார். லேஞ்சியை எடுக்கத் தயங்கினேன். அவரே கதிரையை இழுத்து, மூச்சுப் படும் அளவுக்குக் கிட்ட வந்து வாயைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. பிறகு, நான் நினைக்காத ஒரு கேள்வியைச் சிங்களத்தில் கேட்டார்.

"காதில ஏன் தோடு இல்ல?"

"தங்கத் தோடு அண்டைக்கு பஸ்ஸில விழுந்திட்டுது. கவரிங் போட்டா காது புண்ணாகும், டொக்டர்."

"சின்ன வயசில இருந்தா?"

"ஓம்."

முதுகில் மருந்து ஒட்டிப் பரிசோதித்தார்கள். நிக்கல் பட்ட இடம் சிவந்து கொப்பளித்தது. அந்த எஃகிலும் நிக்கல் உண்டு, என் உடம்புக்கு அது ஒத்துவராமல் இருந்திருக்கலாம், தகட்டைப் பூட்டிய ஆணிகளும் தளர்ந்து கிருமி பிடித்துவிட்டது என்று டொக்டர் விளக்கினார். பழையதை எடுத்து, புண்ணை ஆறவிட்டு, டைட்டேனியம் தகடு வைக்கலாம் என்றார்.

"திரும்பவும் இரும்போ?" என்று கேட்டேன்.

"இது இரும்பில்ல. கூடுதலான ஆக்களுக்கு உடம்பு இதை ஏற்கும், எலும்பும் இதோட ஒட்டி வளரும். ஆனா கிருமி வராது எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. வாயைச் சுத்தமா வச்சிருக்கிறது உங்கட வேலை."

பொய்யாகத் தேற்றாததால் அவரை நம்பினேன். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போகும்போது அன்ரன் என் கன்னத்தில் முத்தமிட்டார். மூடக் கையில் லேஞ்சி இல்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பழைய தகட்டை எடுத்த புண் ஆறியதும் புதியதை வைத்தார்கள். சீழ் நின்றது. முதன்முதல் பேக்கரிப் பாண் துண்டொன்றை மென்று சாப்பிட்டபோது அழுதுவிட்டேன். அந்தத் தகடு இன்றும் எனக்குள்தான் இருக்கிறது. அது இருப்பதே சில நாள் மறந்துபோகும். தாடை மட்டும் கொஞ்சம் கோணல். போட்டோ எடுக்கும்போது இப்போதும் முகத்தைத் திருப்பப் பார்ப்பேன். அந்த வெட்கத்தையும் ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்கிறேன்.

இதைக் கேட்கும் உங்களில் யாராவது ஒரு நோவை மூடி மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். வெட்கம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்கத்தோடேயே வாருங்கள்.