மாடியில் டிஷ், அடுப்படியில் பெட்டி

எங்கள் வீட்டு மாடியில் ஒரு டிஷ் இருக்கிறது. டிவிக்கு மாட்டுவது அல்ல, இண்டர்நெட்டுக்காக வைத்தது. குறுக்கே நான்கு அடி. நானே டேப் பிடித்து அளந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து புளியங்குடி ரோட்டில் ஆறு கிலோமீட்டர் வந்து, வண்டிப்பாதையில் எழுநூற்று இருபது தப்படி நடந்தால் எங்கள் வீடு. அவ்வளவு தூரம் கம்பி இழுக்கக் கேபிள்காரர் யாரும் சம்மதிக்கவில்லை. செல்போன் கிணற்று மேட்டில் நின்றால் மட்டும் எடுக்கும், அதுவும் ஒரே ஒரு கோடு. கொரோனா சமயத்தில் மகன் பெங்களூர் வேலையை இங்கிருந்து பார்க்க வந்தபோது, அவனுடைய கம்பெனிதான் சேட்டிலைட் இணைப்பு கொடுத்து டிஷ்ஷை மாட்டியது. அவன் திரும்பிப் போய்விட்டான். டிஷ் தங்கிவிட்டது.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். மாடு, கிணறு, எலுமிச்சை மரம் என்று எண்ணிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். இப்போது யாரும் எதையும் எண்ணச் சொல்வதில்லை. கண்ணில் படுவதை எண்ணிக்கொள்கிறேன். டிஷ்ஷில் வந்து உட்காரும் மயில்கள் மூன்று. பெரியது உட்கார்ந்தால் இணைப்பு போய்விடும். மற்ற இரண்டும் உட்கார்ந்தால் படம் மட்டும் உறையும்.

அந்த இணைப்பில் இன்னொரு விசேஷம் உண்டு. நாம் பேசுவது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய் அதே தூரம் கீழே வர வேண்டும். பதிலும் அப்படியே. ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். நாம் பேசி முடித்து, வாய்க்குள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால்தான் மறுபக்கத்துக் குரல் வரும்.

எனக்கும் என் அண்ணனுக்கும் அந்த "ஒண்ணு, ரெண்டு" பெரிய உபகாரமாக இருந்தது.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பம்பாயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறான். எங்கள் அம்மா திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் படுத்திருந்தாள். நானும் என் மனைவியும் கூடவே இருந்தோம். அண்ணன் பம்பாயிலிருந்து வந்து வந்து போனான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அவனைப் பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில், என்ன பேச்சில் வந்ததோ, "நீ மூணு தடவதான் வந்த" என்று சொல்லிவிட்டேன். நாலு தடவை என்றான். என் சட்டைப்பை நோட்டில் மூன்றுதான் இருக்கிறது என்றேன். "பெத்த அம்மையப் பாக்க வந்ததுக்கு உங்கிட்ட ரசீது காட்டணுமாலே?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். அப்புறம் ஐந்து வருடம் பேச்சு இல்லை.

கொரோனாவில் என் மகன்தான், எங்கள் இருவர் சம்மதத்தையும் கேட்காமல், இந்தச் சேட்டிலைட்டில் எங்களைக் கோர்த்துவிட்டான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் அண்ணன். இருவரும் கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி பேசினோம். நான் முடிக்கும்வரை அவன் காத்திருப்பான், அவன் முடிக்கும்வரை நான். தப்பித் தவறி இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினால், "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று சொல்லியே அந்தப் பேச்சு கடந்துபோகும். வாய்க்கு வந்ததை விழுங்க இரண்டு எண்ணிக்கை போதும்.

போன வருடம் எங்கள் கிணற்றுக்குத் தெற்கே ஒரு டவர் எழும்பியது. அது உயர்வது எனக்குப் பிடிக்கவில்லை. மனைவிக்கோ கொண்டாட்டம். பெங்களூரில் பேத்தி பரதநாட்டியம் படிக்கிறாள். இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி உறைந்துவிடுவாள். "அவ எப்ப காலக் கீழ வைப்பாளோன்னு எனக்குல்லா முட்டி வலிக்கி" என்பாள் மனைவி. சிம் போட்ட பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் டவர் இன்னும் பழகவில்லை என்றேன். மழை முடியட்டும் என்றேன். ஆறு மாதத்தில் ஒன்பது காரணம் சொன்னேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. இடைவெளி இல்லாமல் அண்ணனோடு பேசினால் மறுபடி அவனை இழந்துவிடுவேன் என்ற பயம்.

பத்தாவது காரணத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவரை அவளே வரச் சொல்லிவிட்டாள்.

அவருக்கும் அறுபது வயது இருக்கும். பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். நான் பின்னால் கோடுகளை எண்ணிக்கொண்டே போனேன். கூடத்தில் இரண்டு. வடக்கு ஜன்னலில் ஒன்று. பூஜை அறையில் மூன்று. அடுப்படியில் அரிசி டிரம்மின் மேல் நான்கு. அங்கேயே வைத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சுவர் கல் சுவர். அடுப்படியைத் தாண்டினால் வைஃபை பாதியாகிவிடும், முக்கியமான பேச்சு என்றால் பக்கத்தில் இருந்தே பேசுங்கள் என்றார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சு கொஞ்சம் தாமதித்து வருகிற மாதிரி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, இத்தன வருசத்துல எல்லாரும் வேகமா வேணும்னுதான் கேட்டிருக்காவ. மெதுவா வேணும்னு கேக்குத மொத ஆளு நீங்கதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசிகூடத் தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். நான் வழக்கம்போல ஒண்ணு, ரெண்டு எண்ணினேன். ஒண்ணு முடிவதற்குள் அவன் அடுத்ததற்குப் போய்விட்டான். நானும் அவசரப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் பதினேழு தடவை வெட்டினோம். பாதி தடவை சிரித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் அம்மாவின் திவசம். இந்தத் தடவை வருகிறேன் என்றான்.

"வந்தா சரி" என்றேன். விழுங்கியிருக்க வேண்டிய சொல். விழுங்க நேரமில்லை.

"வந்தா சரின்னா என்னலே?"

"ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன்."

"சும்மா இல்ல. ஒன் நோட்டுல இன்னும் மூணுன்னுதான இருக்கு? நாலு தடவ வந்தேன்லே."

"மூணு" என்றேன். நான் சொன்னேனா, நாக்கு சொன்னதா, தெரியவில்லை. அண்ணன் முகம் இறுகுவது அதே நொடியில் தெரிந்தது.

மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "எது மூணு?"

அண்ணன்தான் சொன்னான், ஆஸ்பத்திரிக்கு வந்த கணக்கு என்று.

"நாலுல்லா" என்றாள் அவள். "நீங்க மருந்து வாங்கப் போயிருந்திய. பெரியத்தான் வந்து அத்த காலப் பிடிச்சுக்கிட்டு அர மணி நேரம் உக்காந்திருந்தாவ. ரயிலுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாவ. நீங்க வந்ததும் சொன்னேனே."

"எங்கிட்டயா?"

"ஒங்ககிட்டதான். பாட்டில்ல விழுத சொட்ட எண்ணிக்கிட்டு இருந்திய. பேசாதன்னு கையக் காட்டினிய."

அந்தச் சொட்டு எனக்கு நினைவிருக்கிறது. நிமிடத்துக்கு இருபது விழ வேண்டும் என்றார் நர்ஸ். இருபத்து மூன்று விழுந்தது.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சண்ட எதுக்குன்னு நீங்க ஒருநாளாவது சொன்னியளா? பஸ் ஸ்டாண்டுல ஏதோ பேச்சுன்னிய. எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அது சரிதான். பெற்ற தாயைப் பார்க்க வந்தவனுக்கு வருகைப் பதிவு போட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கூடத்தில் டிஷ் ஒயரின் கீழே உட்கார்ந்து பேசிய காலத்தில் இது எதுவும் அவள் காதுக்குப் போனதில்லை.

தோசை தீய்ந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"அண்ணே, நாலு" என்றேன்.

பதில் இல்லை. முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். மூன்று விளக்கும் பச்சை. கோடும் நான்கு. மயில் உட்கார்ந்து மறைக்கக்கூடிய இணைப்பும் இல்லை. எண்ணினேன். ஐந்தில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். ஒன்பதில் வேட்டி நுனியால் துடைத்தான். பதினொன்றில் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"அங்கன மழ உண்டாலே?" என்று கேட்டான்.

"இங்கன எங்க, மேற்க மட்டும்—" என்று நான் தொடங்குவதற்குள், "திவசத்துக்கு முந்தின நாளே வாரேன், மகள டிக்கெட் போடச் சொல்லுதேன்" என்று குறுக்கே விழுந்தான்.

பதினெட்டாவது வெட்டு.