கறிமீனுக்குக் கட்டம் இல்லை

கம்பனிக்கு மென்பொருள் தெரிவு செய்யச் சொல்லி முதலாளி உங்களைக் கூப்பிட்டால், பிழைச்சால் ஏச்சு வாங்க ஆள் பிடிக்கிறார் எண்டுதான் அர்த்தம். அந்தப் பாடு பட்ட ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில ஒரு மீன் கம்பனியில ஒபிஸ் பார்க்கிறனான்.

பெரிசா வேணும்

ஒரு கலியாண வீட்டில பக்கத்துக் கம்பனிக்காரர் போனைத் திறந்து, தன்ட மீன் முழுக்க அதுக்குள்ள இருக்கு எண்டு எங்கட முதலாளிக்குக் காட்டிப்போட்டார். அடுத்த நாள் காலமை எனக்கு அழைப்பு. என்ன வேலைக்கு வேணும் எண்டு கொப்பியும் பேனையுமா நிண்டு கேட்டன். "அவன்ட்ட இருக்கிறதைவிடப் பெரிசா வேணும். பிழையானதை எடுத்தீங்களெண்டா இந்தக் கதிரையில வேற ஆள் இருக்கும்."

முப்பது நாள்

முதல் வந்தவர் கொழும்பில இருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர். அவர் காட்டினது சப்பாத்துக் கடைக்குச் செய்த சாமான். பாரை மீனுக்கு நிறமும் சைஸும் கேட்டுது. சரி, கறுப்பு, எட்டு எண்டு போட்டம். வித்ததை முப்பது நாளுக்குள்ள திருப்பித் தரலாம் எண்டு பில்லில விழுந்துது. அதை அழிக்க ஏலாதாம். ஐஸ் அறையில வேலை செய்யிற செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "திருப்பித் தரத் தேவையில்லை மிஸ், முப்பதாம் நாள் அது தானா நடந்து வரும்."

எல்லாத்துக்கும் ஓம்

ரெண்டாவது கம்பனிக்கு நாப்பது கேள்வி எழுதி அனுப்பினன். நாப்பதுக்கும் ஓம் எண்டு பதில் வந்துது. எனக்கு விசர் வந்து நாப்பத்தோராவதா ஒண்டு கேட்டன்: வாடைக்காத்துக்குக் கடல் கொந்தளிச்சா அதை அடக்குமா? போன் எடுத்தே சொன்னார் அந்தக் கம்பனித் தம்பி: "ஓம் மேடம், அது அடுத்த பதிப்பில வருது."

கறிமீன்

பெரிசு எண்டு பார்த்தா அதுதான் எண்டு, அந்த ஓம் கம்பனியைத்தான் எடுத்தம். எங்கட துறையில ஒரு வழக்கம் இருக்கு. மீன் தராசுக்குப் போக முதல், படகில போன ஒவ்வொருத்தரும் வீட்டுக் கறிக்கு ஒண்டு எடுப்பினம். அதை ஒருத்தரும் எழுதுறேல்லை. நாப்பது கேள்வியில நானும் அதைக் கேக்கேல்லை, மடைச்சி.

முதல் நாளே படகில எண்ணினதுக்கும் தராசில ஏறினதுக்கும் நாலு மீன் குறைஞ்சுது, படகில போன நாலு பேற்ற கறிமீன். காரணம் சொல்லாமல் கொம்பியூட்டர்த் திரை நகராது. இருந்த காரணம் ரெண்டுதான்: பழுது, களவு. பழுது எண்டால் முழுப் பெட்டியையும் மறிச்சுப்போடும். ஐஸ் உருகுது, லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான். களவை அமத்தினன். ஆர் எண்டு கேட்டுது; படகோட்டி லோரன்ஸ் அண்ணன்ட பேரைப் போட்டன். அடுத்த நிமிசம் களவு எண்டு அவற்ற போனுக்கே செய்தி போட்டுது. எங்களுக்கு முறையா வாற மூண்டு படகும் சாம்பல்தீவில அவற்ற குடும்பத்தின்ட. ஒபிசுக்கு வந்து, தான் கறிக்கு எடுத்த பாரையை என்ட மேசையில வைச்சார். வெக்கத்தில எனக்குத் தலை நிமிர்த்த ஏலேல்லை. "பன்னிரண்டு வருசமா உங்கட ஒபிசுக்கும் கறிமீன் தந்தனான், மிஸ். கள்ளன்ட மீன் இனி உங்களுக்கு வேண்டாம்."

முதலாளிட பேர்

அடுத்த நாள் மூண்டு படகும் வரேல்லை. கதிரை போச்சுதெண்டு நினைச்சன். இடைக்கிடை வாற இலங்கைத்துறைப் படகு ஒண்டு மட்டும் வந்துது. அதில இருந்து, வழக்கம்போல, முதலாளி வீட்டுக் குசினிக்குப் பெரிய விளைமீன் ஒண்டைச் செல்வம் அண்ணன் எடுத்தார். திரை காரணம் கேட்டுது. போற கதிரைதானே! களவு எண்டு அமத்தி, முதலாளிட பேரைப் போட்டன்.

போனோட ஓடி வந்தார். "அது என்ட வீட்டுக் கறிக்கு எடுத்ததெல்லோ!" எண்டார். லோரன்ஸ் அண்ணனும் அதைத்தானே செய்தவர் எண்டன். முதலாளி கார்த் திறப்பை எடுத்தார். "ஏறுங்கோ, சாம்பல்தீவுக்குப் போவம். மன்னிப்பை நீங்க கேளுங்கோ, நான் பக்கத்தில நிப்பன்."

படகும் திரும்பி வந்திட்டுது, கதிரையும் தப்பிட்டுது, பெரிய மென்பொருளும் இருக்குது. கறிமீன் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதை நாங்கள் எழுப்புறம்.