அத்தானுக்கு முன்பே புறப்பட்ட சர்டிபிகேட்

என் அத்தான், அதாவது அக்கா புருஷன், பட்டணத்தில் எம்.ஏ. படித்தவர். நான் நாலாவது பாரத்தில் தோற்று, தென்காசியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் யார் யாரைக் கேலி செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான்தான் அவரைச் செய்தேன்.

அவர் படித்தது தியரெட்டிகல் பிஸிக்ஸ். கண்ணாடிக் குழாய், கம்பி, காந்தம் ஒன்றையும் தொடாமல் காகிதத்திலேயே முடித்துவிடுகிற பௌதிகம். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு மச்சில் உட்கார்ந்து காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தார். சோறு ஆறிப்போகும். அக்கா மறுபடியும் கூப்பிடுவாள். "விடுக்கா, காகிதத்துலயே சாப்பாட்டையும் எழுதி முடிச்சிருப்பாரு" என்பேன்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது ஒரு கார்டு வந்தது. வடக்கே ஒரு சர்வகலாசாலையில் தியரெட்டிகல் பிஸிக்ஸுக்கு லெக்சரர் வேலை காலி. அத்தான் மனுப் போட்டிருந்தார். அந்தப் பிரிவின் தலைமைப் புரொபசர் தமிழர்; சீசனுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருக்கிறாராம். அவ்வளவு தூரம் வரவழைப்பதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அசல் சர்டிபிகேட்டுகளோடு பங்களாவுக்கே வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு நெல் தெரியும், பஞ்சாங்கம் தெரியும். கார்டைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழம மேக்க சூலம், குத்தாலம் மேக்கல்லா இருக்கு. பதினோரு மணி ராகுகாலம். வேற கெழமையே கெடைக்கலியா அந்த மனுசனுக்கு?"

"நீங்க வேணா ஒரு கார்டு எழுதுங்கப்பா, சூலத்த வடக்க மாத்திக்கிடச் சொல்லி" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பரஸ்தானம் வைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில் பயணக்காரனுடைய பொருள் ஒன்றைப் போகிற திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே அவன் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மற்றவர்கள் வேட்டியோ துண்டோ வைப்பார்கள். அப்பா ரொம்ப யோசித்து, வேலை கேட்டுப் போவது வேட்டி அல்லவே, சர்டிபிகேட்தானே என்று அவற்றையே ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டார். புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், குற்றாலம் போகும் வழியில் மேலகரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அத்தான் கணக்கில் முங்கியிருந்ததால் தலையை ஆட்டிவிட்டார். நான் சிரித்தேனே தவிரத் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். வாசுதேவநல்லூர் அரிசி மில்லில் அத்தானுக்குக் கணக்கெழுதும் வேலையை அப்பா பேசி வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் சேர வேண்டும்.

"இது கெடைக்கலன்னா அவிய மில்லுக்குத்தான் போவணும்லே. மாட்டேன்னு சொல்ல மாட்டாவ. போயி, தவுட்டுக்குள்ள உக்காந்து செத்துப்போவாவ" என்றாள். "நீ கூடப் போ. வழியில எதையாவது பாத்துட்டு நின்னுருவாவ. நேரத்துக்குக் கொண்டு சேத்துரு."

அவள் அழுதிருந்தால் நான் கேலி செய்திருப்பேன். அழவில்லை. சரி என்றேன். எனக்கு அதுவரை யாரும் ஒரு வேலையையும் நம்பிக் கொடுத்ததில்லை. இதை முடிக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அத்தானைக் கேரியரில் ஏற்றி மிதித்தேன். மேலகரத்தில் சித்தப்பா வீட்டில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

"கடையத்துல அவுக மவளுக்கு வலி எடுத்துட்டுன்னு நேத்தே போயிட்டாவ. சாவி அவுககிட்டதான் இருக்கு."

அத்தான் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "திரும்பிருவோம்லே" என்றார். "சர்டிபிகேட் இல்லாமப் போயி என்ன சொல்ல?"

"சர்டிபிகேட் புதன்கிழமையே பொறப்பட்டுட்டு, நாந்தான் லேட்டுன்னு சொல்லுங்க. அந்தா குதிர வண்டி வருது, ஏறுங்க. நான் கொண்டாரேன்."

"எப்படிலே?"

"அது தியரி இல்லத்தான், பிராக்டிகல். நீங்க போங்க."

வண்டி தெருமுனை திரும்பியதும் நான் சுவரேறி ஓட்டின் மேல் கால் வைத்தேன். ஆச்சி கீழே இருந்து கத்தினாள். "ஏலே, பட்டப்பகல்ல களவாங்குதியா?"

"ராத்திரி வந்தா வழுக்கும்லா ஆச்சி."

ஏழெட்டு ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கினேன். கட்டு சாமி படத்தடியில் விபூதி பூசி இருந்தது. எடுத்துக்கொண்டு மேலே வந்தால், ஆச்சி என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிரிச்ச ஓட்ட அடுக்கிட்டுப் போ. மழ எறங்குதுல்லா, அவ புள்ளப் பெத்துட்டு வந்து எங்கன படுப்பா?"

நியாயம்தான். ஒவ்வொன்றாக அடுக்கினேன். கைதான் அடுக்கியது. மனசு பங்களா வாசலில் நின்றது. முடிக்கும்போது சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. சட்டையைக் கழற்றிக் கட்டைச் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிப் போனேன்.

பங்களா வராந்தாவில் புரொபசர் கழுத்தைச் சுற்றி மப்ளரோடு பிரம்பு நாற்காலியில் இருந்தார். அருவிக் குளியலில் நனைந்த தலை இன்னும் காயவில்லை. எதிரே அத்தான். நடுவில் நாலைந்து தாள், முழுக்கக் கணக்கு. கட்டை அவிழ்த்து வைத்தேன். ஒரு தாளும் நனையவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஓட்டுக் கரி பூசி வெற்று மேலோடு நின்ற என்னையும் பார்த்தார்.

"இது யார்?"

"என் மச்சினன் சார்."

"கணக்கு நன்றாகத் தெரிகிறது. சர்டிபிகேட்டும் வந்துவிட்டது" என்றார் புரொபசர். "எனக்கு ஒரே சந்தேகம்தான். அரை மணி நேரமாக நீங்கள் காகிதத்தோடு பேசுகிறீர்கள், என்னோடு பேசவில்லை. அங்கே நாற்பது பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அருவியின் மேலே இருக்கும் தண்ணீரைவிடக் கீழே விழுந்த தண்ணீர் கொஞ்சம் சூடு. ஏன் என்று இந்தத் தம்பிக்குப் புரிய வையுங்கள். புரிந்ததா என்று அவரையே கேட்கிறேன்."

அத்தான் என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் என்னென்னவோ எனர்ஜி என்று ஆரம்பித்தார். புரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வியிலேயே இந்தக் கிழவர் என்னைப் பிடித்துவிடுவார், அத்தான் மில்லுக்குப் போய்விடுவார். பொய் உதவாது என்று தெரிந்தது.

"புரியல" என்றேன்.

தமிழில் சொன்னார். அதுவும் புரியவில்லை. "அத்தான், நீங்க சொல்லுதது பொய்யி. நான் தெனமும் குளிக்கேன். கீழ நின்னா பல்லு அடிக்கி."

அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தாளைத் தள்ளிவிட்டு எழுந்து என் எதிரே வந்து நின்றார். "ஏலே, இங்க பாரு. தண்ணி உசரத்துலருந்து விழுது. விழ விழ வேகம் கூடுதா?"

"கூடுது."

"பாறையில வந்து மோதுனதும் அந்த வேகம் என்னாச்சு?"

"நின்னுட்டு."

"நின்னா தொலைஞ்சு போயிருமா?"

நான் யோசித்தேன். நாலாவது பாரத்துக் கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார். "அவரு கை வேகமா வரும். எங் கன்னத்துல வந்து நிக்கும். கன்னம் சுடும். அதுவா?"

"அதேதான்லே. வேகம் சூடா மாறிட்டு. ஆனா ரொம்பக் கொஞ்சம். ஒரு டிகிரியில அஞ்சுல ஒரு பங்குதான். ஒன் தோலுக்கு அது தெரியாது. சாரலும் காத்தும் வேற குளுர வைக்கி."

"தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தியளா?"

"இல்ல. உசரம் தெரிஞ்சாப் போதும். கணக்குலயே வந்துரும்."

"அப்ப சிற்றருவியில உசரம் கம்மி, சூடும் கம்மியாத்தான ஏறும்?"

"ஆமா."

"சீசன்ல தண்ணி நெறைய விழுது. அப்ப சூடு கூடுமா?"

அத்தான் வாயைத் திறந்தார். புரொபசர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீயே சொல்லு."

நெற்றியில் தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் நின்று யோசித்தேன். வகுப்பில் எத்தனை பேர் வரிசையாக அடி வாங்கினாலும், என் கன்னம் எனக்கு விழுந்த அடிக்குத்தானே சுட்டது.

"கூடாது சார். ஒவ்வொரு சொட்டும் அது விழுந்த உசரத்துக்குத்தான் சூடாவும்."

அத்தான் என் தோளைப் பிடித்தார்.

"அங்கே வகுப்பிலும் இவனைப் போலத்தான் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்" என்றார் புரொபசர். பேனாவை எடுத்து ஒரு நீளமான கடிதம் எழுதி, சர்டிபிகேட்டுகளோடு உறையில் போட்டு ஒட்டினார். முடிவு செய்வது கமிட்டிதான், ஆனால் தன் பட்டியலில் இந்தப் பெயர்தான் முதலாவது என்றார். சர்வகலாசாலைக்குத் தபாலாபீஸில் ரிஜிஸ்தர் செய்யச் சொல்லி உறையை என் கையில் கொடுத்தார்.

ரசீது கைக்கு வரும்வரை நான் தபாலாபீஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆடி முடியும் முன்பே உத்தரவு வந்தது. அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அங்க போயி என்னத்தச் சொல்லிக் குடுப்பாவ?" என்று கேட்டாள். அத்தான் மச்சில் இருந்தார். நானே அவளை உட்கார வைத்து, அருவித் தண்ணீர் கீழே சூடு என்று ஆரம்பித்தேன். போலே, பொய் சொல்லாதே என்றாள். புரியாமல் அவளை எழுந்திருக்க விடுவதில்லை என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.